சர்க்கரை ஏறினால் ஞாபகம் என்ன ஆகும்?

வங்கியில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்ததுமே கணக்கு எண் என் வாய்க்கு வந்துவிடும். அதே ஆள்தான் சென்ற சம்பாவில், தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டு வயலுக்கு மீன் அமிலம் அடிக்கக் கிளம்பினேன். "என்னங்க, முந்தாநாள்தானே அடிச்சீங்க?" என்றார் மனைவி. எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அதற்கு முன்பே ஒருநாள் மோட்டாரை நிறுத்த மறந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ந்து, பக்கத்து நிலத்துக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வயசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். மகள்தான் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.4. இது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் குளுக்கோஸாக. "அப்போ சர்க்கரை கூடினா மூளைக்கு நல்லதுதானே?" என்று மருத்துவரிடம் கேட்டேன். சிரித்தார். டெல்டாக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். தலைமடையில் தண்ணீர் தளும்பினாலும் கிளை வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை காயத்தானே செய்யும்? சர்க்கரை வருடக்கணக்கில் மிகுந்தே இருந்தால் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் சர்க்கரை நோயாளிகள் பலரிடம் சுருங்கியிருப்பதை ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

நோய் வராதவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2,067 முதியவர்களைச் சராசரியாக 6.8 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. சர்க்கரை நோயே இல்லாதவர்களில், சராசரி குளுக்கோஸ் 100 இருந்தவர்களைவிட 115 இருந்தவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகமாக இருந்தது. சர்க்கரைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. பாரம்பரிய அரிசிதானே என்று மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டேன். கருப்பட்டிக் காபி நாளைக்கு நாலு தடவை. விஷமில்லாத உணவு வேறு, சர்க்கரையை ஏற்றாத உணவு வேறு. இது தெரியாமல்தான் நான் ஏமாந்தேன். இப்போது சோற்றைப் பாதியாக்கி, கீரையும் பயறும் கூட்டியிருக்கிறோம்.

மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் விடிகாலை மண்வெட்டியோடு இறங்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்த்து, கை நடுங்கி, புத்தி தடுமாறும். அடிக்கடி தாழ்வதும் மூளைக்குக் கெடுதல்தான். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதுவும் மறதியைத் தரும் என்பதால் பரிசோதித்துப் பாருங்கள். யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது எனக்கு 6.9. மறதி முழுசாகப் போய்விடவில்லை. தெளிப்பான் மாட்டும் ஆணியில் ஒரு நோட்டும் தொங்குகிறது. அடித்ததும் தேதி, வயல், அளவு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மனைவியின் எதிர்க்கையெழுத்து இல்லாமல் மறு தெளிப்பு கிடையாது.