இணையச் சட்டங்களும் சொல்லின் பொறுப்பும்

2022 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆம் நாள், உளுந்தூர்பேட்டை அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் பள்ளியொன்று சூறையாடப்பட்டது. மாணவியொருத்தியின் மரணத்திற்கு நீதி கேட்டு எழுந்த போராட்டம் வன்முறையாயிற்று. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே கூட்டம் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. கைப்பேசி வழியே பரவும் சொல்லுக்குப் பொறுப்பாளி யார்? நமது இணையச் சட்டங்கள் கால் நூற்றாண்டாக விடை தேடிவரும் வினா இதுவே.

2000 அக்டோபர் 17 இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், முதன்மையாக மின்னணு வணிகத்தையும் கையொப்பத்தையும் சட்டம் ஏற்கும்படி செய்யவே இயற்றப்பட்டது. எனினும் ஆபாசத்தைத் தடுக்கும் 67 ஆம் பிரிவு அதில் இடம்பெற்றிருந்தது. இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தியவருக்கு 2004 இல் சென்னை நீதிமன்றம் அப்பிரிவின்படி தண்டனை விதித்தது. கருவி புதிதாயினும் அவமதிப்பு அவமதிப்பே என்பது இதனால் விளங்கிற்று.

ஆயினும், சட்டமும் எல்லை மீறக்கூடும். 2008 ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவு, புண்படுத்துதல், எரிச்சலூட்டுதல் போன்ற தெளிவற்ற சொற்களால் குற்றத்தை வரையறுத்தது. மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைக் குறைகூறி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரிக்காரர் 2012 இல் அதன்கீழ்க் கைதானார். பேச்சுரிமைக்கு முரணானதென்று 2015 மார்ச் 24 இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது.

வதந்தியோ உயிரையே பறிக்கிறது. 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றது. 2021 ஆம் ஆண்டு விதிகள், உரிய ஆணையின்பேரில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டும்படி பெரிய நிறுவனங்களைப் பணித்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017 இல் உச்ச நீதிமன்றம் அறிவித்திருந்தமையால், இவ்விதியும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது.

சட்டம் பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பின்னரே வருகிறது. அதற்கு முன்னுள்ள பொறுப்பு அனுப்புகிறவருடையது. பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனையைப் போதிக்கும் ஆயர், தமக்கு வந்த செய்தி மெய்யா என விசாரியாமல் சபையாருக்கு அனுப்பலாமா? மெய்யேயாயினும், நோயுற்ற ஒருவரின் நிலையை ஜெபக் குறிப்பாகப் பரப்புமுன் அவரது சம்மதத்தைக் கேட்டோமா? இவ்விரு வினாக்களையும் எந்தக் காவலரும் நம்மிடம் கேட்கப்போவதில்லை. நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.