ரோரி கேலஹர்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

ப்ளூஸ் ராக் கேட்பவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். உடனே மூன்று கட்சி பிரியும். 'ஐரிஷ் டூர் 74'தான், வேற பேச்சே கிடையாது என்பது பெரிய கட்சி. 'டியூஸ்' என்பது இரண்டாவது கட்சி. கொஞ்சம் நிதானமாகப் பேசுகிற மூன்றாவது கட்சி 'டாட்டூ' அல்லது 'காலிங் கார்ட்' என்று சொல்லும்.

இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிடலாம். ஆனால் ஆல்பங்களை வெளிவந்த வரிசையில் வைத்துக் கேட்டபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ரோரி தன் தொழில் வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மேடையில் நடப்பதை டேப்பில் எப்படிக் கொண்டுவருவது? ஒவ்வொரு ஆல்பமும் அதற்கு அவர் போட்டுப் பார்த்த ஒரு விடை. ரசிகர்களின் சண்டை, அவரே தனக்குள் போட்டுக்கொண்ட சண்டையின் தொடர்ச்சிதான்.

ஆள் யார்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1948ல் அயர்லாந்தின் டானிகால் மாவட்டத்தில் பாலிஷானன் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது தெற்கே கார்க் நகரத்தில். 1963ல், 15 வயதில், அங்கே ஒரு கடையில் 100 பவுண்டுக்குக் கடனில் 1961ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகேஸ்டர் கிட்டார் ஒன்றை வாங்கினார். கடைசிவரை அதுதான் அவருடைய முதன்மைக் கிட்டார். பெயின்ட் உரிந்து, கட்டை வெளியே தெரியும் அந்தக் கிட்டாரைப் படத்தில் பார்த்தாலே ரசிகர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். 2024ல் ஏலத்துக்கு வந்து, இப்போது அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1966ல் 'டேஸ்ட்' என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். 1970ல் அது உடைந்த பிறகு தன் பெயரிலேயே ஆல்பங்கள் போட்டார். சிங்கிள் வெளியிட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். ரேடியோவில் மூன்று நிமிடப் பாட்டு ஓடி அதனால் பெயர் வாங்குகிற வழியை அவரே அடைத்துக்கொண்டார். மிச்சமிருந்தது கச்சேரி ஒன்றுதான்.

முதல் விடை: ஸ்டுடியோவையே மேடையாக்கு

1971 மே மாதம் முதல் தனி ஆல்பம். சுத்தமாக, திட்டமிட்டு, ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டது. அவருக்கு அது போதவில்லை போல. ஆறே மாதத்தில் 'டியூஸ்' வந்தது. கிழக்கு லண்டனில் டால்ஸ்டன் பகுதியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. கச்சேரிக்கு முன்னாலோ முடித்த கையோடோ போய், உடம்பில் சூடு ஆறுவதற்குள் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளரும் அவரே.

கேட்டால் வித்தியாசம் தெரியும். ஓரங்கள் சீவப்படவில்லை. டிரம்ஸும் பேஸும் கிட்டாரைத் துரத்திக்கொண்டே வருகின்றன. 'தி ஸ்மித்ஸ்' குழுவின் ஜானி மார், சிறுவனாக இந்த ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துத்தான் கிட்டார் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். டியூஸ் கட்சிக்காரர்களுக்கு இது ஒரு பெரிய சான்றிதழ்.

இரண்டாவது விடை: மேடைக்கே டேப்பைக் கொண்டு போ

1972ல் 'லைவ் இன் யூரோப்'. பொதுவாக லைவ் ஆல்பம் என்றால் ஏற்கெனவே ஹிட்டான பாட்டுகளை மறுபடி வாசிப்பார்கள். இதில் அவருடைய முந்தைய ஆல்பங்களிலிருந்து வந்தவை இரண்டே பாட்டு. மற்றவை மேடைக்கென்றே வைத்திருந்தவை. பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அதே வருடம் 'மெலடி மேக்கர்' வாசகர் வாக்கெடுப்பில் கிளாப்டனைத் தாண்டி சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்வானார்.

அடுத்தது 'ஐரிஷ் டூர் 74'. வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச்சூடும் தினசரிச் செய்தியாக இருந்த காலம். வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ரோரி விடாமல் போனார். பேஸ் வாசித்த ஜெரி மெக்கவாய் அந்த ஊர்க்காரர். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே அரங்கத்தில் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகள் அவை. பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால், டப்ளின் கார்ல்டன் சினிமா, கார்க் சிட்டி ஹால் என மூன்று இடங்களில் நடமாடும் ஸ்டுடியோவை வைத்துப் பதிவு செய்தார்கள். டோனி பால்மர் படமாகவும் எடுத்தார்.

பத்துப் பதிவுகளில் நான்கு பாட்டு, 1973 நவம்பரில் வந்த 'டாட்டூ'விலிருந்து வந்தவை. ஸ்டுடியோ ஆல்பம் வெளிவந்த சில வாரங்களிலேயே அதே பாட்டுகளை மேடையில் பதிவு செய்துவிட்டார்! இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் ஏழு நிமிடத்துக்குக் கிட்ட, நன்றாக அடக்கி வாசித்தது. மேடையில் ஒன்பது நிமிடத்துக்கும் மேல். கூடுதல் நேரம் சும்மா இழுத்ததல்ல. ஒரு கட்டத்தில் சத்தத்தை அப்படியே இறக்கி, கூட்டத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வைக்கிறார். எதிரே ஆள் இருந்தால்தான் அது செல்லும். காலி ஸ்டுடியோவில் யாருக்காகக் காத்திருப்பது?

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் சர்வரில் வராத விஷயங்கள் ப்ரொடக்‌ஷனில் வருகிற கதை. நமக்கு வருவது பிழை. அவருக்கு வந்தது இசை.

மூன்றாவது விடை: வேறொருவர் காதை நம்பு

1976ல் 'காலிங் கார்ட்'. மியூனிக் நகரத்தில் பதிவு. 'டீப் பர்ப்பிள்' குழுவின் ரோஜர் க்ளோவர் தயாரிப்பில் கைகொடுத்தார். இங்கே மேடையைப் பிரதி எடுக்கும் முயற்சி கம்மி. பாட்டு எழுதுகிறவராக ரோரி முன்னால் வருகிறார். லூ மார்ட்டினின் கீபோர்டுக்கு நல்ல இடம். 'எட்ஜ்ட் இன் ப்ளூ' போன்ற மென்மையான பாட்டு, சத்தமான கச்சேரிக்கு நடுவே இந்த அளவுக்கு எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம். மூன்றாவது கட்சியின் வாதம் இதுதான்: மேடையில் கிடைக்காததைக் கொடுப்பதுதானே ஸ்டுடியோவின் வேலை?

குப்பைக்கூடைக்குப் போன ஆல்பம்

1977 கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ போனார். தயாரிப்பாளர் எலியட் மேசர், நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தில் வேலை செய்தவர். மாதக்கணக்கில் உழைத்து ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 1978 ஜனவரியில் அதே ஊரில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' வாசித்ததை ரோரி போய்ப் பார்த்தார். அந்த முரட்டு வேகம் அவரை உலுக்கிவிட்டது. கையில் இருந்த ஆல்பத்தின் மாதிரித் தட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார் என்று அவருடைய தம்பியும் மேலாளருமான டோனல் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆல்பத்தோடு நிற்கவில்லை. குழுவையும் கலைத்தார். மெக்கவாயை மட்டும் வைத்துக்கொண்டு, டிரம்ஸுக்கு டெட் மெக்கென்னாவைச் சேர்த்து, ஜெர்மனியில் மூவராக வாசித்து 'ஃபோட்டோ ஃபினிஷ்' போட்டார். தூக்கிப் போட்ட பதிவுகள் 2011ல், அவர் இறந்து 16 வருடம் கழித்து, 'நோட்ஸ் ஃப்ரம் சான் ஃபிரான்சிஸ்கோ' என்று வெளிவந்தன. ஐந்து பாட்டு இரண்டிலும் உண்டு. கேட்டுப் பார்த்தேன். தூக்கிப் போடுகிற அளவுக்கு மோசமில்லை, நல்ல ஆல்பம்தான். ஆனால் அவர் தேடியது நல்ல ஆல்பத்தை இல்லையே!

அந்தத் தேடலுக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1971ல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஆல்பம் போட்டவர், 1982ன் 'ஜின்க்ஸு'க்குப் பிறகு 'டிஃபெண்டர்' போட 1987 வரை எடுத்துக்கொண்டார். அடுத்த 'ஃப்ரெஷ் எவிடன்ஸ்' 1990ல். அதுதான் கடைசி. 1995 ஜூன் 14 அன்று லண்டனில், கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகு வந்த சிக்கல்களால் இறந்தபோது வயது 47.

சரி, எதில் தொடங்குவது?

என் சிபாரிசு இப்படி. முதலில் 'ஐரிஷ் டூர் 74'. கையோடு 'டாட்டூ', பொதுவான அந்த நான்கு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு 'டியூஸ்', அதற்குப் பிறகு 'காலிங் கார்ட்'. பிடித்துப்போனால் கடைசியாக 'ஃபோட்டோ ஃபினிஷை'யும் சான் ஃபிரான்சிஸ்கோ பதிவுகளையும் ஜோடியாக வையுங்கள்.

நான் பெரிய கட்சி. ஆனால் 'டாட்டூ'வைக் கேட்காமல் அந்தக் கட்சியில் சேராதீர்கள். மேடையில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது, எங்கிருந்து கிளம்பினார் என்று தெரிந்தால்தான் புரியும்.