கரைகளின் கணக்கு – 6: எல்லை தாண்டும் மணல்

சென்ற வாரம் மாலத்தீவைப் பார்த்தோம். 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் அமைச்சர்களைக் கடலுக்கடியில் கூட்டி, கடல்மட்ட உயர்வுக்குப் பெரிய நாடுகளிடம் நியாயம் கேட்டார். இந்த வாரம் புதுச்சேரி. இதுவும் சின்ன நிலம்தான். ஆனால் இங்கே சேதத்தைப் பக்கத்து ஊருக்கு அனுப்பியது சின்னவர்.

சோழகம் வீசும் மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால், ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் வடக்கே போகிறது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கரை காணாமல் போனது. தேங்கும் மணலை மறுபக்கம் இறைத்துவிடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அதை ஒழுங்காக நடத்தவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம் தரும் இடம்.

நகரத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அது தமிழ்நாட்டு எல்லை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று ஒவ்வொன்றாகக் கரை இழந்தன. படகை ஏற்றி வைக்க இடமில்லை, கரைவலை இழுக்க இடமில்லை. தமிழ்நாடும் கல் போட்டது, தூண்டில் வளைவு கட்டியது. அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது.

இப்போதெல்லாம் இதைக் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடுவது அலுவலகங்களுக்கு வசதி. கடல்மட்டம் உயர்வது உண்மைதான், இனி அது நிலைமையை மோசமாக்கும். ஆனால் தொடங்கிவைத்தவை அந்த இரண்டு சுவர்கள்.

பிரெஞ்சு ஆட்சி பார்த்த இன்னொரு கரையில் இதே கதை நடந்தது. 1960களில் டோகோவின் லோமேயில் துறைமுகம் வந்தது. அங்கே மணல் கிழக்கே போகும். அது தடைபட, அனேஹோ நகரமும் எல்லைக்கு அப்பால் பெனின் நாட்டு ஊர்களும் கரைந்தன. 2018இல் உலக வங்கி தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத் திட்டத்தின் கீழ், டோகோவின் அக்போட்ராஃபோ முதல் பெனினின் கிராண்ட்-போப்போ வரை ஒரே கரையாகக் கொண்டு இரு நாடுகளும் கைகோத்தன. தனித்தனி அரசு, தனித்தனிக் கஜானா. இங்கே புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே நாட்டுக்குள்!

புதுச்சேரியும் சும்மா இருக்கவில்லை. 2018இல் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியது. தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். கரை திரும்பியது. சுற்றுலாப் பயணிகள் கால் நனைக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் நகரத்துக்கு மட்டும்.

வடக்கே போன அரிப்பு எங்கே நிற்கிறது? பொம்மையார்பாளையம் தாண்டினால் பிள்ளைச்சாவடி. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக விட்டுப்போன வரைபடத்தில் அது மறுபடியும் புதுச்சேரி. அங்கே வீடுகள் இடிகின்றன, மீனவர்கள் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். கட்டினால், அதற்கும் வடக்கே கூனிமேடு, தமிழ்நாடு.