ஆறாவது கேள்வி

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க மலேசியக் குடிமக்கள் கட்ட வேண்டியது ஐந்து வெள்ளி. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி. லிட்டில் இந்தியாவில் பசியாறப் போனால் ஒரு தோசைக்கும் தே தாரிக்குக்குமே ஐந்து வெள்ளி போய்விடும். ஆனாலும் மனநலப் பிரிவில் அந்த ஐந்து வெள்ளியைக் கட்டிவிட்டு வருகிற பலருக்கு, குடும்பத்தின் தாலியை அடகு வைத்த மாதிரி நெஞ்சு கனக்கிறது.

கணக்கு காசோடு நிற்பதில்லை. தம்பி லீவு போட்டுக் காடியில் ஏற்றிவந்தான், அது ஒரு பற்று. அம்மா முழங்கால் வலியோடு சமைத்து வைத்தாள், அது ஒரு பற்று. தங்கைக்கு வரன் பார்க்கிற நேரத்தில் நான் இப்படிக் கிடக்கிறேன் என்பது பெரிய பற்று. அந்தக் காலத்தில் எஸ்டேட் கடைக்காரர் மாதக் கடைசியில் பற்றுப் புத்தகத்தை விரிப்பாராம். இங்கே நோயாளியே கடைக்காரர், நோயாளியே கடன்காரர்.

"தாத்தா காலையில நாலு மணிக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போனாரு. மழை, அட்டை, கங்காணி ஏச்சு எல்லாம் பார்த்தாரு. அவரு மாத்திரையா போட்டாரு? எனக்கு என்ன கொறைச்சல்?" தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு இது. வெளியிலிருந்து வராவிட்டாலும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க நியாயமாகவும் படும். ஆனால் லயத்து வீடுகளில் மனம் உடைந்தவர்களே இல்லை என்பது நாம் பிற்பாடு கட்டிக்கொண்ட கதை. தோட்டத்து டிரசரிடம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து இருந்தது, இதற்கு இல்லை. சம்சு இருந்தது. சாமியாட்டம் இருந்தது. "அவர் ஒரு மாதிரி" என்று ஒதுக்கிவைத்த சித்தப்பா ஒருவர் அனேகமாக எல்லா வீட்டிலும் இருந்தார். தாத்தா மாத்திரை போடாததற்குக் காரணம், கேட்டிருந்தாலும் கொடுக்க ஆள் இல்லை.

மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிற ஒரு தாள் உண்டு. பி.எச்.கியூ-9 என்று பெயர். நம்மூர் அரசாங்க கிளினிக்குகளிலும் அதைத்தான் நிரப்பச் சொல்வார்கள். ஒன்பதே கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். அதில் ஆறாவது கேள்வி, உங்களைப் பற்றியே உங்களுக்குக் கசப்பாக இருக்கிறதா, குடும்பத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தோன்றுகிறதா என்று கேட்கிறது. கேள்வியின் வாசகம் இதுவல்ல, கருத்து இதுதான்.

குடும்பத்தார் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டெங்கி வந்தவருக்கு உடம்பு கொதிப்பதைப் போல, மனச்சோர்வு வந்தவருக்குக் குற்றவுணர்வு கொதிக்கிறது. அது நோயைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் அல்ல, நோயின் ஓர் அறிகுறி. சிகிச்சை வாங்குவதற்கே கூசுகிறவரிடம் "நீ ஏன் இப்படி நினைக்கிறே, நாங்கள் என்ன சொன்னோம்?" என்று வாதாடுவது, காய்ச்சல்காரரிடம் "உனக்கு எதுக்குச் சூடு?" என்று கேட்பதற்குச் சமம். கேட்கப்பட்டவர் அடுத்த பற்றை எழுதிக்கொள்வார்: இவர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருந்தும் எனக்கு இப்படித் தோன்றுகிறதே.

இந்தக் கூச்சத்துக்கு நாடும் துணை நின்றது. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்கலாம் என்ற தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, பிரிட்டிஷார் விட்டுப்போனது. இலங்கை தன் சட்டத்தில் இருந்த அதே போன்ற பிரிவை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020இல் போனது. மலேசிய நாடாளுமன்றம் 2023இல்தான் நீக்கியது. நேற்றுவரை சட்டமே குற்றம் என்று சொன்ன ஒன்றை, இன்று நோய் என்று மனம் ஏற்க நாளாகும்.

ஊர்ப் பேச்சும் அப்படித்தான். மனநல மருத்துவமனையைச் சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கம் என்பார்கள். ரயில்வே காலத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸில் வேர்விட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் இலங்கைச் சொந்தங்களுக்கு அங்கொடை. நமக்குத் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே 1911இல் திறந்த மருத்துவமனைக்கு இன்றைய பெயர் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைத்த பிள்ளையையும் அங்கே அனுப்புவதாக மிரட்டியவர்கள் நாம். அதே பிள்ளை முப்பது வயதில் மனநலப் பிரிவின் வரிசையில் உட்காரும்போது யாராவது தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொள்வதில் என்ன ஆச்சரியம்?

தனி ஆள் என்று நினைத்துக் குனிகிறவருக்கு ஓர் எண்ணிக்கை: சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. சுமார் பத்து லட்சம் பேர். 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. வரித்துறையும் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. மனநலப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் ஆன செலவை, மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 வெள்ளி வரிவிலக்குக்குள் 2022ஆம் வரி ஆண்டிலிருந்து காட்டலாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

முதலில் பொய்யைக் குறைக்கலாம். கோயிலில் யாராவது விசாரித்தால் "காஸ்ட்ரிக்தான்" என்று அம்மா சமாளிப்பார். பாசத்தில் சொல்கிற பொய்தான். பக்கத்தில் நிற்கிற மகளுக்கோ, அம்மாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டோம் என்று இன்னொரு பற்று ஏறும். ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்று அவளையே கேட்டு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு "டாக்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கா" என்பது போதும், அது உண்மையும்கூட.

மருத்துவமனைக்குப் போகிற நாளைப் பெரிய தியாகமாக ஆக்காதீர்கள். பார்க்கிங் கிடைக்காத எரிச்சலும், எண் கூப்பிடும்வரை காத்திருக்கும் அலுப்பும் யாருக்கும் வரும். வந்தால் பார்க்கிங்கைத் திட்டுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவர் அதை எண்ணிக்கொண்டிருக்கிறார். துணைக்குப் போகிறவர்களுக்கும் களைப்பு உண்டு, கோபமும் உண்டு. அதைக் கொட்ட வேறொரு அண்ணனோ அக்காவோ வேண்டும். முறைபோட்டுப் போவது நல்லது.

மருந்தில் கவனம் வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், முழுப்பலன் தெரிய இன்னும் கூடலாம். இடையில் "இவ்வளவு செலவு பண்ணியும் எனக்குக் குணமாகல" என்ற பேச்சு வரும். சற்றுத் தெளிந்ததும் "இனிமே எதுக்கு, வேணாம்" என்ற பேச்சு வரும். இரண்டும் ஆறாவது கேள்வியின் குரல்தான். நன்றாகத் தெளிந்த பிறகும் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். நிறுத்துவதை மருத்துவரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதும் தப்பு. "நீ சும்மா படு" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், தான் பாரம் என்ற நினைப்புக்கு நாமே சாட்சி சொன்னதாகும். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களைப் பாருங்கள். கொடுப்பதற்கு அத்தனை பேர் முந்துவார்கள். வருஷா வருஷம் மோர் ஊற்றியவரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தி டம்ளரைக் கையில் கொடுத்தால் கூசிப்போவார். வெங்காயம் உரிக்கட்டும், பிள்ளையைப் பள்ளியில் விடட்டும், முடிகிற அளவுக்கு. அதைக் கடன் அடைப்பாக வரவு வைக்காமல் இருந்தால் சரி. மெந்தாரி என்ற அரசாங்க சமூக மனநல மையங்களில், குணமாகி வருகிறவர்களை மறுபடி வேலையில் அமர்த்தித் துணைநிற்கும் திட்டமும் இருக்கிறது.

"நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றாதீர்கள், அதட்டாதீர்கள். உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. இருக்கிறது என்றால் தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 999. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. 1970இலிருந்து இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929.

கடைசியாக அந்தத் தாளுக்கே வருகிறேன். அடுத்தடுத்த சந்திப்புகளிலும் அதை நிரப்பச் சொல்லக்கூடும். மலாயும் ஆங்கிலமும் வாசிக்கத் திணறுகிற அம்மாவுக்கு மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவான். தூக்கம், பசி என்று பதில் ஒழுங்காக வரும். ஆறாவது கேள்வியில், குடும்பத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தோன்றுகிறதா என்று மகனே வாய்விட்டுக் கேட்பான். எந்த அம்மா ஆமாம் என்பாள்? பூஜ்யம் போடச் சொல்வாள். ஒன்பதாவது, சாவைப் பற்றிய கேள்வி. அதற்கும் பூஜ்யம்தான்.

தமிழ் பேசுகிற தாதி யாராவது இருக்கிறாரா என்று பதிவு முகப்பிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, கேன்டீனில் போய் ஒரு தே குடித்துவிட்டு வாருங்கள்.