வாசல் நிலையில் ஒரு பள்ளம்

இன்னைக்கு எபிசோட்ல யூதர்களோட வீட்டு வாசல்ல இருக்கிற மெசூசா பத்திப் பேசலாம்.

ஒரு யூத வீட்டுக்குள்ள நுழையும்போது வலதுபக்க நிலைக்காலைப் பாருங்க. தோள் உயரத்துல, விரல் நீளத்துக்கு ஒரு சின்ன டப்பா பதிச்சிருக்கும். போறவங்க வர்றவங்க அதைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்குவாங்க. டிசைன் கடைகள்ல மெசூசான்னு விக்கிறது இந்த டப்பாவைத்தான். ஆனா மத விதிப்படி அது வெறும் உறை. உள்ளே சுருட்டி வச்சிருக்கிற தோல்சுருள்தான் மெசூசா.

அதுல பைபிளோட உபாகமம் புத்தகத்தின் 6, 11-ம் அதிகாரங்கள்ல இருந்து ரெண்டு பகுதி இருக்கும். 22 வரி, 713 எழுத்து. ‘சோஃபர்’னு சொல்ற பயிற்சி பெற்ற எழுத்தர் கைப்பட எழுதணும், அதுவும் வரிசை மாறாம. ஒரு எழுத்து விட்டுப்போனதை எல்லாம் முடிச்சப்புறம் கண்டுபிடிச்சா, திரும்பிப் போய்ச் செருக முடியாது. அந்தச் சுருளே செல்லாது. பிரிண்ட் எடுத்ததும் செல்லாது.

உள்ளே இவ்வளவு கறார். வெளியே உறைக்கு? கிட்டத்தட்ட எந்தக் கட்டுப்பாடும் இல்லை. டிசைனர்களுக்குக் கொண்டாட்டமே அங்கதான். வெள்ளி, மரம், கண்ணாடியெல்லாம் பழசு. இப்ப கான்கிரீட், அக்ரிலிக், 3டி பிரிண்ட் வரைக்கும் வந்தாச்சு. அழகான உறையை வாங்கி உள்ளே ஜெராக்ஸ் தாளைப் போடுறவங்களும் உண்டு. அது மொபைல் இல்லாம பவுச் மட்டும் வச்சிருக்கிற கதைதான்!

இன்னொரு சுவாரஸ்யம். வாடகை வீடுன்னா மெசூசா மாட்ட வேண்டியது ஓனர் இல்லை, குடியிருக்கிறவர். காலி பண்ணும்போது, அடுத்து வர்றவங்களும் யூதர்னா அதைக் கழட்டக் கூடாது.

இப்ப போலந்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி அங்கே சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தாங்க. அதுல 30 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க. அவங்க வீடுகள் பலதும் இன்னும் நிக்குது, வேற யாரோ குடியிருக்காங்க. சில பழைய நிலைக்கால்கள்ல மட்டும் மெசூசா இருந்த இடத்துல ஒரு பள்ளமோ, ஆணித் துளையோ மிச்சமிருக்கு. தினமும் கதவைத் திறக்கிறவங்களுக்கே அது என்னன்னு தெரியாம இருக்கலாம்.

வார்சாவுல ‘மி போலின்’னு ஒரு டிசைன் ஸ்டூடியோ இருக்கு. ஹெலேனா சர்னெக், அலெக்ஸாண்டர் ப்ருகர்னு ரெண்டு பேர் 2014-ல ஆரம்பிச்சது. அவங்க ஊர் ஊராப் போய் இந்தத் தடங்களைத் தேடி, அச்சு எடுத்து, வெண்கலத்துல வார்க்கிறாங்க. மரத்துல இருந்த விரிசல், சீவல் எல்லாம் அப்படியே வந்துடும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடுன்னும் அதுலயே பொறிக்கிறாங்க.

எனக்குப் பிடிச்ச விஷயம், இதை மியூசியம் கண்ணாடிக்குள்ள வைக்கிறதுக்காகப் பண்ணலைங்கிறதுதான். அந்த வார்ப்புக்குள்ள புதுத் தோல்சுருள் வச்சு, இன்னைக்கு எந்த நாட்டுல இருக்கிற வீட்டு வாசல்லயும் மாட்டிக்கலாம். அங்கே பள்ளமா இருந்தது இங்கே மேடாயிடுது. வீட்டுக்குள்ள வர்றவங்க விரல்ல தட்டுப்படுறது அதுதான்.