கடல் கடந்து வந்த காய்ச்சல்

சென்னையின் வடபகுதியில், கடலை அடுத்து அமைந்துள்ளது தண்டையார்பேட்டை. துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழும் பகுதி அது. மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை அங்கே உள்ளது. 2009-ஆம் ஆண்டில் புதுவகை இன்புளூயன்சாக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபொழுது, அந்நோய் கண்டிருக்கலாம் என ஐயுறப்பட்டோரை அங்கே தனியே வைத்துப் பேணினர்.

இன்புளூயன்சா சென்னைக்குப் புதியதன்று. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பல் ஒன்றில் பலர் இக்காய்ச்சலால் வருந்தினர். அவ்வழியே புகுந்த நோய், விரைவில் நாடெங்கும் பரவியது. 1958 பிப்ரவரிக்குள் 44 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தார் அந்நோயின் வைரசை ஆராய்ந்தனர்.

நோயாளி இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் சிதறும் நுண்துளிகளில் இந்த வைரஸ் கலந்திருக்கும். அதனை உட்கொள்பவருக்குக் கடுங்காய்ச்சல், உடல்வலி, இருமல், சோர்வு ஆகியன தோன்றும். நோய்க்குறி வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்னரே ஒருவர் பிறர்க்கு நோயைப் பரப்பக்கூடும். ஆதலால் நோயுற்றவரை ஒதுக்கி வைப்பதனால் மட்டும் இதனை முற்றும் தடுக்க இயலாது. தடுப்பூசியும் வேண்டும்.

அம்மைத் தடுப்பூசியைப்போல இதனை ஓரிரு முறை போட்டு நிறுத்திவிடலாகாதா? ஆகாது. மாறுவேடம் பூணும் கள்வனைப்போல, இந்த வைரஸ் தன் மேற்புறத்தை அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. நம் உடல் பழைய உருவத்தையே அறிந்திருப்பதால், புதியதனை எளிதில் இனங்காண்பதில்லை. மேலும், ஊசியால் பெற்ற காப்பும் நாளடைவில் குறைகின்றது. எனவே உலகச் சுகாதார நிறுவனம், பல நாடுகளில் பரவும் வகைகளை ஆராய்ந்து, தடுப்பூசியில் சேர்க்க வேண்டியவற்றை ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கின்றது.

ஊசி போட்டபின் காப்பு உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இக்காய்ச்சல் மிகுவதால், அதற்கு முன்னரே ஊசி போட்டுக்கொள்ளுதல் நன்று. ஊசி போட்டவருக்கும் சிற்சில வேளைகளில் காய்ச்சல் வரலாம். ஆயினும் நோய் முற்றி உயிருக்கு இடர் நேர்வது குறையும். முதியோர், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், நீரிழிவும் இருதய நோயும் உடையோர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோருக்கு இது மிகவும் இன்றியமையாதது.

ஒரு நாள் கூலி போய்விடுமே என அஞ்சிக் காய்ச்சலோடு வேலைக்குச் செல்பவர் பலர். அவருடைய வறுமை நோய்க்குத் தெரியாது. அவர் அருகில் நிற்பவரையும் அது பற்றும். நோயுற்றபொழுது ஓய்வு கொள்வதும், இருமும்பொழுது வாயை மூடுவதும், உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொள்வதும் தம்மை மட்டுமன்றி, தம் வீட்டு முதியோரையும் அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கும் செயல்களாகும்.