கத்தி பிடிக்கும் கைகள்

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், “பெரியவர்களானதும் என்ன வேலைக்குப் போவீர்கள்?” என்று கேட்டேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, “ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் வேலைக்கு, டீச்சர்” என்றாள். உடனே பின்வரிசைப் பையன், “கத்தியப் பிடிச்சா இவ மயக்கம் போட்டு விழுந்திடுவா, டீச்சர்!” என்றான். வகுப்பே சிரித்தது. அவள் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு நம் தோட்டத்துக்கு மட்டும் சொந்தமானதன்று. படித்தவர் நிறைந்த பெரிய போதனா மருத்துவமனைகளிலும் அது நெடுங்காலம் ஒலித்தது.

நம் நாட்டு அறுவை மருத்துவர் பலர் தேர்வெழுதிப் பட்டம் பெற்ற இடம் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி. அங்கே 1911இல் எலினோர் டேவிஸ்-காலி முதல் பெண் ஃபெலோ ஆனார். ஆனால் அதன் தலைவர் நாற்காலியில் ஒரு பெண், கிளேர் மார்க்ஸ், அமர்ந்தது 2014இல்தான். இடையில் ஓடியவை 103 ஆண்டுகள்!

ஏவரில் மான்ஸ்ஃபீல்ட் என்ற அம்மையாரும் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவரே. அறுவை மருத்துவராக வேண்டும் என்று எட்டு வயதிலேயே முடிவு செய்தார். பிரிட்டனின் முதல் பெண் அறுவை மருத்துவப் பேராசிரியர் என்ற பெருமை 1993இல் அவரை வந்தடைந்தது.

இங்கிலாந்தில் மருத்துவம் படிப்போரில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் மூத்த அறுவை நிபுணர்களில் பெண்கள் 1991இல் நூற்றுக்கு 3 பேர். 2020இல் 13 பேர்.

காரணம் என்ன? அறிவுக் குறைவா? இல்லவே இல்லை. அறுவைப் பயிற்சி பல ஆண்டுகள் நீளும். பிள்ளை பெறும் வயதும் அதே ஆண்டுகள்தாம். இரவுப் பணி முடிந்து வந்தாலும் வீட்டு வேலை பெண்ணுக்கே காத்திருக்கும். மேலும், இத்தொழில் கையால் செய்து பழக வேண்டியது. யார் கையில் கத்தியைக் கொடுப்பது என்பதை மூத்தவர் தீர்மானிக்கிறார். மூத்தவர்கள் ஆண்களாகவே இருந்தால், தம்மைப் போன்றவர்களையே கைதூக்கி விடுவது மனித இயல்பு.

கைத்திறனில் பெண் குறைந்தவளா? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 104,630 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தோர் விகிதம், பெண் மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களிடையே சற்றுக் குறைவாகவே இருந்தது.

மறுநாள் அந்தப் பையனை அழைத்தேன். “விடியற்காலையில் உன் அம்மா எங்கே போகிறார்?”

“பால்மரம் வெட்ட, டீச்சர்.”

“கத்தி ஆழமாகப் போனால்?”

“மரத்துல காயம் பட்டுடும். அம்மா அப்படி வெட்ட மாட்டாங்க.”

சொன்னவன் தானாகவே முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

பெற்றோர்களே! தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தாதீர்கள். மகனும் பாத்திரம் கழுவட்டும். மகளுக்குப் படிக்க ஒரு மணி நேரம் மிஞ்சும். கத்தி பிடிக்கும் கை நம் வீட்டிலேயே இருக்கிறது. அதற்குப் புத்தகம் பிடிக்கவும் நேரம் கொடுங்கள்.